ஃபில்டர் மாற்றினால் காது திறக்குமா? 40 மீட்டர் கோளாறுகளைச் சத்தம் கேட்டே பிடிப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீடு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை. பின்வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை. அப்பா காலத்தில் அது பால்மரக் காடு. ஆன்டெனா கட்ட இடத்துக்குப் பஞ்சமில்லை. ஈப்போவில் அடுக்குமாடியில் இருக்கும் நண்பர்களுக்கு இதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனால் இரவு எட்டு மணிக்கு ஹாம் ரேடியோவில் 7 மெகாஹெர்ட்ஸை, அதாவது 40 மீட்டர் பேண்டைத் திறந்தால் அங்கேயும் கூச்சல்தான், இங்கேயும் கூச்சல்தான்.

புதிதாக லைசென்ஸ் எடுத்த தம்பிகள் இதற்கு மருந்தாகக் கேட்பது ஒன்றே ஒன்று. "அண்ணே, 500 ஹெர்ட்ஸ் ஃபில்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கு. வாங்கிப் போடட்டா?" நான் திருப்பிக் கேட்பேன்: "என்ன சத்தம் கேட்குது? வாயாலேயே செஞ்சு காட்டு." சிரிப்பார்கள். ஆனால் அதைச் செய்து காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்பா பால் வெட்டியவர். வெட்டு முடிந்து பால் ஸ்டோருக்கு வாளிகள் வந்ததும் முதல் வேலை சல்லடையில் ஊற்றுவது. பட்டை, இலைச்சருகு, கட்டிப்பால் எல்லாம் மேலே நின்றுவிடும். யாராவது வழியில் தண்ணீர் கலந்திருந்தால் அது மட்டும் நிற்காது, பாலோடு பாலாகக் கீழே போய்விடும். அதைப் பிடிக்கக் கிராணி, பாலின் அடர்த்தி காட்டும் மெட்ரோலாக்கை விட்டுப் பார்ப்பார். ரிசீவரில் இருக்கும் ஃபில்டரும் அந்தச் சல்லடைதான். நீங்கள் கேட்கும் அலைவரிசைக்குப் பக்கத்தில் இருப்பதை அது நிறுத்தும். அதே அலைவரிசையின் மேலேயே வந்து உட்கார்ந்த இரைச்சலை நிறுத்தாது. கீழே வரும் அறிகுறிகளில் பாதி, பாலில் கலந்த தண்ணீர் கதைதான்.

முதலில் மூன்று சோதனை

எந்த அறிகுறியானாலும் இதிலிருந்து தொடங்குங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது, காசும் செலவில்லை.

ஒன்று, செட்டு ஓடும்போதே ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள் (கை தவறி மைக் பட்டனை அமுக்கிவிடாதீர்கள்). இரைச்சல் சட்டென்று அடங்கினால் அது வெளியிலிருந்து வருகிறது. செட்டின் காது நன்றாகத்தான் இருக்கிறது. கழற்றியும் மாற்றமே இல்லையென்றால் செட்டிலோ, அதன் பவர் சப்ளையிலோ கோளாறு.

இரண்டு, உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரைப் போடுங்கள். ஐசி-718 மாதிரி செட்டுகளில் அது 20 டெசிபெல். இரைச்சலும் நிலையங்களும் சேர்ந்தே இறங்கினால் சாதாரண விஷயம். நிலையங்கள் கொஞ்சம் இறங்க, கூச்சல் மட்டும் மாயமாய் மறைந்தால் ரிசீவர் மூச்சுத்திணறிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்று, செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டியபடி வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். ஐஸ்பெட்டி, சீரியல், சோறு வேகும் நேரம் எல்லாம் பார்த்து, வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொல்லாமல் செய்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"பேண்ட் முழுக்க ஒரே சீற்றம், எஸ்-மீட்டர் 7க்குக் கீழே இறங்கவே மாட்டேங்குது"

எஸ்-மீட்டர் என்பது வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் முள். அதிகம் பேர் ஃபில்டர் வாங்கத் துடிப்பது இதற்குத்தான். அதிகம் பேர் ஏமாறுவதும் இதில்தான்.

கணக்கைப் பாருங்கள். பரவலான இரைச்சல், ஃபில்டரின் அகலத்துக்கு ஏற்ற அளவில் உள்ளே வரும். 2.4 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரை எடுத்துவிட்டு 1.8 போட்டால் இரைச்சல் குறைவது சுமார் 1.25 டெசிபெல். ஒரு எஸ் யூனிட் என்பது 6 டெசிபெல். அதாவது மீட்டர் முள் அசைந்ததா என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டிய அளவு. 500 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் 6.8 டெசிபெல், ஒரு எஸ் யூனிட்டுக்குச் சற்று மேல். மோர்ஸ் கேட்பவருக்கு அது உதவிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 500 ஹெர்ட்ஸில் மனிதக் குரல் கேட்க முடியாது. குரலில் பேசுகிறவருக்கு அந்த ஃபில்டர் பெட்டிக்குள் கிடக்கும் நகை.

ஆகவே இந்த அறிகுறிக்கு மூன்றாம் சோதனைதான் முக்கியம். மெயின் சுவிட்சை அணைத்ததும் எஸ் 7 எஸ் 3 ஆனால் குற்றவாளி உங்கள் கூரைக்குக் கீழேயே இருக்கிறார். பிறகு ஒவ்வொரு சர்க்யூட் சுவிட்சாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே வாருங்கள். வழக்கமான ஆட்கள்: மலிவான எல்இடி விளக்கு, போன் சார்ஜர், டிவி பெட்டியின் அடாப்டர், வைஃபை பெட்டியின் அடாப்டர், கூரையில் சோலார் இருந்தால் அதன் இன்வெர்ட்டர். இவையெல்லாம் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஓட்டுகிற வகை. அந்த வெட்டு ஒவ்வொன்றும் நம் பேண்டில் ஒரு சிதறல்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் மாலையிலிருந்து 40 மீட்டரில் எஸ் 8. பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்தான் என்று நானே முடிவு கட்டி, இரண்டு வாரம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். இடையில் ஐந்நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து ஒரு பழைய ஃபில்டரும் வாங்கிப் போட்டேன். எஸ் 8 எஸ் 7 ஆனது. கடைசியில் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சாமி மேடையில் அம்மா புதிதாக மாட்டியிருந்த வண்ண எல்இடி விளக்கு. இருபத்துநான்கு மணி நேரமும் எரிவது. அணைக்கச் சொன்னால் நடக்குமா? பேட்டரியில் எரிகிற சின்ன விளக்கு ஒன்றை வைத்துக் கொடுத்துச் சமாதானம் ஆனது. ஐந்நூறு வெள்ளி செய்யாததைப் பன்னிரண்டு வெள்ளி செய்தது.

மாற்ற முடியாத பொருளானால் அதன் வயரை ஃபெரைட் வளையத்தில் சுற்றுங்கள். நம் கீழ் பேண்டுகளுக்கு 31 வகைக் கலவை பொருத்தம். ஆன்டெனா கேபிளையும் பெரிய வளையம் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, டைபோல் ஆன்டெனாவின் நடுவில் ஒன்று, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒன்று வைக்கலாம். கேபிளின் மேலுறையே வீட்டு இரைச்சலைப் பொறுக்கி ஆன்டெனாவுக்குக் கொண்டுபோகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஆன்டெனாவை வீட்டை விட்டுத் தள்ளிச் செம்பனைப் பக்கம் இழுத்துக் கட்டினால் இன்னும் நல்லது. தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு!

"டக்... டக்... டக்... கடிகாரம் மாதிரி"

நொடிக்கு ஒன்று, அல்லது ஒன்றரை நொடிக்கு ஒன்று, விடாமல் அடிக்கிறதா? அது மின்வேலி. இளம் செம்பனையைப் பன்றியிடமிருந்தும் மாட்டிடமிருந்தும், மலையடிவாரத்தில் யானையிடமிருந்தும் காக்கப் போடுவது. வேலி சரியாக இருந்தால் நமக்குப் பெரிதாகக் கேட்காது. கம்பியில் லாலான் புல் உரசினாலோ, இன்சுலேட்டர் உடைந்தாலோ ஒவ்வொரு துடிப்புக்கும் அங்கே பொறி பறக்கும். அந்தப் பொறிதான் உங்கள் செட்டில் அடிக்கும் டக்.

இதற்கு, துடிப்பு வரும் கணத்தில் மட்டும் ஒலியை வெட்டும் நாய்ஸ் பிளாங்கர் நன்றாக வேலை செய்யும். ஃபில்டர் வேலை செய்யாது. குறுகிய ஃபில்டர் போட்டால் 'டக்' என்பது 'டொய்ங்' ஆகும், அவ்வளவுதான். நிரந்தரத் தீர்வு, பேட்டரி ரேடியோ ஒன்றை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வேலியோரம் நடப்பது. சத்தம் எங்கே உச்சமோ அந்த இடத்தைத் தோட்டத்தில் சொல்லுங்கள். சந்தோஷமாகச் சரி செய்வார்கள். கசியும் வேலியில் வோல்டேஜ் இறங்கிவிடும், பன்றி உள்ளே வந்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும். வேலியை நீங்கள் தொடாதீர்கள்.

"உர்ர்ர் என்று தேனீ மாதிரி, மழை வந்தால் நின்றுவிடுகிறது"

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்கம்பத்தில் எங்காவது தளர்ந்த இரும்புத் துண்டுகளுக்கு நடுவே பொறி விழுந்தால், அலையின் மேலேறும் பாதிக்கு ஒன்று, கீழிறங்கும் பாதிக்கு ஒன்று என்று நொடிக்கு நூறு தடவை. அதனால்தான் அந்த உறுமல். வெயிலில் கூடி, மழையில் நனைந்ததும் அடங்கினால் பெரும்பாலும் இதுதான். பேட்டரி ரேடியோவோடு நடந்து கம்பத்தைக் குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து, கம்பத்து எண்ணைக் குறித்துப் புகார் கொடுங்கள். கம்பத்தை உதைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மேலே ஓடுவது 11 கிலோவோல்ட்டாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

ரயில் பாதைக்கு அருகில் குடியிருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். ஈப்போவிலிருந்து வடக்கே போகும் பாதை 25 கிலோவோல்ட் மின்பாதை. உறுமல் சில நிமிடம் வந்து தேய்ந்து போனால் ரயில் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால், அந்தச் சில நிமிடத்தில் போய் தே தாரிக் கலக்கிக்கொண்டு வரலாம்.

"படார் படார் என்று வெடிக்குது, குறுகிய ஃபில்டர் போட்டால் இன்னும் மோசம்"

இது மின்னல். ஏப்ரல் மே மாதங்களிலும், அக்டோபர் நவம்பரிலும் மாலையானால் பேராக்கின் மலைப்பக்கம் முழுக்க இடிதான். நம் தலைக்கு மேல் இல்லாவிட்டாலும் சுமத்ராவில் இடித்தால் 40 மீட்டரில் கேட்கும்.

குறுகிய ஃபில்டரில் இது மோசமாவது உங்கள் கற்பனை அல்ல. ஃபில்டர் எவ்வளவு குறுகலோ, ஒரு அடி வாங்கியபின் அது அடங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். கோயில் மணியைத் தட்டினால் ஒலி நீள்வது போல, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் முடிய வேண்டிய வெடிப்பு 250 ஹெர்ட்ஸ் ஃபில்டரில் வாலோடு வரும். அந்த வாலுக்குள் ஒரு மோர்ஸ் புள்ளி காணாமல் போகும். ஆகவே இடிக்கும் இரவுகளில் ஃபில்டரை அகலமாக்குங்கள், சத்தத்தைத் தானாகச் சீராக்கும் ஏஜிசியை வேகமாக வையுங்கள், ரிசீவரின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஆர்எஃப் கெயினைக் குறையுங்கள். காசு கொடுத்து வாங்கிய ஃபில்டரை அணைத்து வைக்க மனசு வராது. அணையுங்கள்.

இடி பக்கத்தில் வந்துவிட்டால் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் சோதனை எதுவும் வேண்டாம்.

"எங்கே திருப்பினாலும் பின்னணியில் செய்தி வாசிக்கிறார்கள்"

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

உலக அலைவரிசைப் பங்கீட்டில் மலேசியா மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை நமக்கு, 7.200 தாண்டினால் ஒலிபரப்பு நிலையங்கள். சூரியன் சாய்ந்ததும் ஆசியாவை நோக்கி நூற்றுக்கணக்கான கிலோவாட்டில் அடிப்பார்கள். நாம் 100 வாட்டில் முனகுவது அவர்கள் வாசற்படியில்.

உங்கள் செட்டில் நடப்பது இது. ஆன்டெனாவிலிருந்து வரும் எல்லாம் முதலில் ஒரு கலவைக் கட்டத்துக்குப் போகிறது, மிக்சர் என்பது அதுதான். அதற்குப் பிறகுதான் நீங்கள் மாற்ற நினைக்கும் ஃபில்டர். மிக்சருக்கு அளவுக்கு மீறித் தீனி போட்டால் அது இல்லாத நிலையங்களைத் தானே பிரசவிக்கும். உதாரணமாக 7.210இலும் 7.230இலும் இரண்டு பலத்த நிலையங்கள் இருந்தால், முதலாவதின் இரு மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பாருங்கள்: 7.190. அந்த இடத்தில் யாருமே ஒலிபரப்பவில்லை, ஆனால் உங்கள் செட்டில் இரண்டு பேரும் சேர்ந்து குழறுவார்கள். அந்தப் போலிக் குரல் 7.190இன் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். அதற்குப் பின்னால் எவ்வளவு விலை உயர்ந்த ஃபில்டரை வைத்தாலும் அது கதவைத் திறந்துவிட்டு வணக்கம்தான் சொல்லும்.

இங்கேதான் அட்டெனுவேட்டர் கெட்டிக்காரன். 20 டெசிபெல் குறைத்தால் உண்மையான நிலையம் 20 குறையும்; இந்த வகைப் போலி 60 குறையும், மும்மடங்கு. சோதனையில் கூச்சல் மட்டும் மறைந்தால் இதுதான் நோய், அட்டெனுவேட்டர்தான் மருந்து. பல பேர், வரும் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் ப்ரீஆம்ப்பை வாங்கிய நாள் முதல் அணைத்ததே இல்லை. 40 மீட்டரில் இரவில் ப்ரீஆம்ப் தேவையே இல்லை. வெளி இரைச்சலே செட்டின் சொந்த இரைச்சலை விடப் பல மடங்கு. நேரடியாக அலையை எண்ணாக்கும் ஐசி-7300 வகையில் கலவைக் கட்டம் இல்லை, ஆனால் திரையில் 'ஓவிஎஃப்' என்று மின்னினால் அதே அஜீரணம்தான். ஆர்எஃப் கெயினை இறக்குங்கள். அந்தச் செட்டில் கூடுதல் ஃபில்டர் செருகக் குழியே கிடையாது, அகலமெல்லாம் மெனுவில். அதற்கு ஃபில்டர் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகி நடங்கள்.

நாய்ஸ் பிளாங்கரும் இதே தோற்றத்தில் ஏமாற்றும். மின்வேலிக்காகப் போட்டுவிட்டு மறந்திருப்பீர்கள். இரவில் பலத்த நிலையங்களைத் துடிப்பு என்று நினைத்து அது வெட்டத் தொடங்கும், பேண்டே கரகரவென்று ஆகும். முதலில் அதை அணைத்துப் பாருங்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு தம்பியின் செட்டைப் பிரித்து மேசை முழுக்கப் பரப்பிய பிறகுதான் எனக்கு அந்தப் பட்டன் கண்ணில் பட்டது.

"பக்கத்து நிலையம் வந்தால் என் ஆள் காணாமல் போகிறார்"

கடைசியில் சல்லடைக்கு வேலை வந்துவிட்டது. ஆனால் இதிலும் மூன்று வகை. பிரித்துப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

முதல் வகை: பக்கத்து ஆளின் குரல் உயர்ந்த சுருதியில், குரங்குப் பேச்சு மாதிரி, உங்கள் ஆள் பேசும்போது ஓரத்தில் கேட்கிறது. ஃபில்டரின் இடத்தை மேலும் கீழும் தள்ளும் ஐஎஃப் ஷிஃப்டை எதிர்ப்பக்கம் நகர்த்தினால் குறைகிறது. ஃபில்டரின் ஓரச் சரிவு போதவில்லை என்று அர்த்தம். செட்டோடு வரும் செராமிக் ஃபில்டரை எடுத்துவிட்டு நல்ல கிறிஸ்டல் அல்லது மெக்கானிக்கல் ஃபில்டர் போட்டால் வித்தியாசம் தெரியும். அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள். 6 டெசிபெல்லில் எவ்வளவு அகலம், 60 டெசிபெல்லில் எவ்வளவு அகலம் என்ற இரண்டையும் பாருங்கள். இரண்டும் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு செங்குத்தான சுவர். 2.3 கிலோஹெர்ட்ஸில் நல்ல சுவர் உள்ளது, 1.8இல் சரிவான சுவர் உள்ளதைவிட மேல் என்பது என் அனுபவம். 1.8இல் குரலின் மேல்பகுதி போய்விடும். ஏற்கெனவே குழப்பும் 'எஸ்'ஸும் 'எஃப்'பும் ஒரே எழுத்தாகிவிடும். தொலைதூர நிலையத்தின் பெயரைப் பிடிக்கப் போராடும்போது அது பெரிய நஷ்டம்.

இரண்டாம் வகை: பக்கத்து ஆள் கேட்கவே மாட்டார், ஆனால் அவர் பேசும் போதெல்லாம் உங்கள் ஆள் அமுங்கி அமுங்கி எழுவார். மோர்ஸில் இது சகஜம். காரணம், செட்டின் அகல ஃபில்டருக்குள் அவர் நுழைந்துவிட்டார். ஏஜிசி அவரைப் பார்த்துச் சத்தத்தைக் குறைக்கிறது. பின்னால் ஒலிக் கட்டத்தில் இருக்கும் டிஎஸ்பி, அதாவது ஒலியை எண்ணாக்கி வடிக்கும் சில்லு, அவரை உங்கள் காதிலிருந்து மறைத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆள் உங்கள் குமிழைத் திருப்புகிற மாதிரி. ஐசி-718க்குக் கிடைத்த யூடி-106 போன்ற ஒலிக்கட்ட டிஎஸ்பி இதைத் தீர்க்காது. அதே செட்டுக்கான 500 ஹெர்ட்ஸ் எஃப்எல்-52ஏ தீர்க்கும். எஃப்டி-857 வைத்திருப்பவர்களுக்கு 500 ஹெர்ட்ஸ் ஒய்எஃப்-122சி. நீங்கள் மோர்ஸ் ஆள், செட்டில் குரல் ஃபில்டர் மட்டும்தான் இருக்கிறது என்றால், யோசிக்காதீர்கள், வாங்குங்கள். ஃபில்டர் என்ற பொருளுக்கு நான் முழு மனதோடு தலையாட்டுவது இந்த ஒரு இடத்தில்.

ஒரு எல்லை உண்டு. எஃப்டி-817, 857 வகைச் செட்டுகள் அலையை முதலில் 68.33 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, அங்கே அகலமான ஒரு ஃபில்டரில் வடித்து, இரண்டாவது மிக்சரில் 455 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குகின்றன. நீங்கள் வாங்குவது அந்த 455இல் உட்காரும். 2 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒரு ராட்சசன் இருந்தால் அவன் இரண்டாவது மிக்சர் வரை தடையில்லாமல் வந்துவிடுவான். இதைத் தடுக்க முன்வரிசையிலேயே குறுகிய ஃபில்டர் வேண்டும், ரூஃபிங் ஃபில்டர் என்பார்கள். எஃப்டிடிஎக்ஸ்10 செட்டில் 500 ஹெர்ட்ஸ், 3, 12 கிலோஹெர்ட்ஸ் என்று அது கூடவே வருகிறது. 300 ஹெர்ட்ஸ் தனியாக வாங்கலாம். பழைய செட்டில் இதைப் பின்னால் புகுத்துவது அறுவைச் சிகிச்சை. அக்டோபர் கடைசியிலும் நவம்பர் கடைசியிலும் வரும் பெரிய உலகப் போட்டிகளில் விடிய விடிய உட்காருகிறவர்களுக்குத் தேவைப்படலாம். ஞாயிறு காலை அரட்டைக்குத் தேவையில்லை.

மூன்றாம் வகை: பக்கத்து ஆள் அவர் இடத்திலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளியும் சிதறுகிறார், உங்கள் ஐஎஃப் ஷிஃப்ட் எதுவும் செய்யவில்லை, அட்டெனுவேட்டர் போட்டாலும் சிதறல் அதே விகிதத்தில்தான் இறங்குகிறது. மைக் கெயினை முழுக்க ஏற்றிவிட்டுக் கத்துகிறார் அவர். அவருடைய அழுக்கு உங்கள் அலைவரிசையின் மேலேயே விழுகிறது. தண்ணீர் கலந்த பால். மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். சொல்லும் முன் இன்னொரு செட்டிலும் அப்படித்தான் கேட்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நானே ஒருவரைக் குற்றம் சொல்லிவிட்டுப் பிறகு என் ப்ரீஆம்ப்பை அணைத்தபோது அவர் சுத்தமாகக் கேட்டார். அதன் பிறகு இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை.

"எஃப்டி8 திரையில் ஒரு கீற்று மட்டும் தெரிகிறது"

எஃப்டி8 என்பது கணினி வழியாகச் செய்தி அனுப்பும் முறை. உங்கள் செட்டில் 500 ஹெர்ட்ஸ் ஃபில்டர் ஆனில் இருக்கிறது. அணையுங்கள். ஒரு எஃப்டி8 சிக்னல் 50 ஹெர்ட்ஸ்தான், ஆனால் 7.074இல் எல்லோரும் சுமார் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் பரந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பிரிப்பது கணினியின் வேலை. பதினைந்து நொடிக்கு ஒருமுறை திரையே மங்கினால் பக்கத்தில் ஒரு பலவான். ஏஜிசியை அணைத்து ஆர்எஃப் கெயினைக் கையால் குறையுங்கள்.

"ஃபில்டர் போட்ட பிறகுதான் மோசமாச்சு"

அண்டாவுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி, அல்லது கிளியின் குரல் மாதிரி கேட்டால் கேரியர் புள்ளி தள்ளியிருக்கிறது. ஒவ்வொரு ஃபில்டரின் நடுப்புள்ளியும் கொஞ்சம் வேறுபடும்; செட்டின் மெனுவில் அதைச் சில பத்து ஹெர்ட்ஸ் நகர்த்த வழி இருக்கும். சத்தம் மட்டும் சிறிது குறைந்தால் பயப்படாதீர்கள், ஃபில்டரின் சொந்த இழப்பு அது. எந்த வித்தியாசமுமே இல்லையென்றால், மெனுவில் அந்தக் குழியில் ஃபில்டர் இருக்கிறது என்று செட்டுக்குச் சொன்னீர்களா என்று பாருங்கள். செருகும்போது ஒரு கால் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எர்த் கால் சரியாக ஒட்டாவிட்டால் சிக்னல் ஃபில்டருக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும்.

"வருஷத்துக்கு வருஷம் செவிடாகிறது, இடையிடையே பொரிகிற சத்தம்"

ஆன்டெனாவைக் கழற்றியும் பொரிச்சல் நிற்கவில்லையா? செட்டைத் திறந்து முதலில் எறும்புக் கூடு, பல்லி முட்டை, பச்சை பூத்த கனெக்டர் பாருங்கள். நம் ஈரப்பதத்தில் எல்லாம் சாத்தியம். அவை இல்லையென்றால் 455 கிலோஹெர்ட்ஸ் செராமிக் ஃபில்டர் மேல் சந்தேகப்படலாம். அதன் கால்களுக்கு நடுவே டிசி வோல்டேஜ் நிற்கும்படி வடிவமைத்த பழைய செட்டுகளில், ஈரம் சேர்ந்தால் உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு மெல்ல நகர்ந்து கசிவுப் பாதை உண்டாக்கும். அங்கே ஃபில்டர் மாற்றுவது பழுது பார்ப்பது. சில வெள்ளிக்கு முடியும். பழசு போன அதே வழியில் புதுசும் போகாதிருக்க, டிசியைத் தடுக்க ஒரு சின்ன கெப்பாசிட்டரைத் தொடரில் போடுங்கள்.

"கையடக்க செட்டை மாடி ஆன்டெனாவில் மாட்டினால் எதுவும் கேட்கவில்லை"

40 மீட்டர் விஷயம் இல்லை, ஆனால் மாதம் ஒருவர் கேட்கிறார். மலிவான கையடக்கத்தின் முன்வாசல் மிக அகலம். பக்கத்து டவரின் சத்தம் எல்லாம் உள்ளே போய் அதை ஊமையாக்கும். குட்டி ரப்பர் ஆன்டெனாவில் கேட்டு, பெரிய ஆன்டெனாவில் கேட்காமல் போவதே அடையாளம். 144 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்பாஸ் ஃபில்டர் ஒன்றை ஆன்டெனாவுக்கும் செட்டுக்கும் நடுவே போடுங்கள். முன்னால் நிற்கும் ஃபில்டர் என்பதால் இது வேலை செய்கிறது.

வாங்கியே தீருவது என்றால்

காலின்ஸ் நிறுவனத்தின் மெக்கானிக்கல் ஃபில்டர்களின் உற்பத்தி நின்றுவிட்டது. கிடைப்பதெல்லாம் கை மாறியவைதான். உள்ளே உலோகத் தகடுகள் அதிர்ந்து வேலை செய்கிற பொருள், கீழே விழுந்ததை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. வந்த அன்றே இப்படிச் சோதியுங்கள்: செருகி, செட்டின் ஒலியைக் கணினிக்குக் கொடுத்து, எஃப்டி8 மென்பொருளின் நீர்வீழ்ச்சித் திரையைத் திறந்து, காலியான அலைவரிசையில் வெறும் இரைச்சலை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். ஃபில்டரின் வடிவமே திரையில் விழும். இரண்டு பக்கமும் செங்குத்தாக வெட்டிய ஒரு பட்டை தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பள்ளமோ, ஒரு பக்கம் மட்டும் சரிவோ, பட்டைக்கு வெளியே லேசான பனிமூட்டமோ தெரிந்தால் முதலில் கால்களைச் சரி பார்த்துத் திரும்பச் செருகிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் திரையைப் படம் எடுத்து, விற்றவருக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.